தில்லிக்குப் போன தலைப்பொங்கல் படி

ஜனவரி 8, புதன். திருநெல்வேலி

காலை 6 மணிக்கே நயினார்குளம் மார்க்கெட்டில் பனங்கிழங்கு வந்து இறங்கிவிட்டது. தங்கச்சிக்கு இது தலைப்பொங்கல். கல்யாணமாகிப் போய் தில்லி முனிர்க்காவில் இருக்கிறாள். பிறந்த வீட்டுச் சீரான பொங்கல் படியைக் கொண்டுபோவது அம்மா, சித்தப்பா, நான். பக்கத்து ஊரென்றால் பானை, அரிசி, வெல்லம், கரும்பு, காய்கறி எல்லாவற்றையும் வேனில் ஏற்றி மத்தியானச் சாப்பாட்டுக்குள் இறக்கிவிடலாம். இது ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு இரவு. போதாக்குறைக்குத் தில்லியில் மார்கழிக் குளிர்.

அதனால் பட்டியல் போடும்போது ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கேள்வி. அங்கே இதே ரகம் கிடைக்குமா? கட்டி வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? தேங்காய், சேனை, முருங்கைக்காய், கருவேப்பிலை எல்லாம் தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தாராளமாகக் கிடைக்கும். தேங்காய் ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். 10 தேங்காயைச் சுமந்துபோவதை விட அந்த இடத்தில் கருப்பட்டி வைக்கலாம். அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். படியில் தேங்காய் இல்லாமலா என்று கேட்டார்கள். சாங்கியத்துக்குக் குடுமியோடு 2 மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பனங்கிழங்கு 25 கொண்ட கட்டு 120 ரூபாய். அடி முதல் நுனி வரை ஒரே பருமனாக, தோல் இறுக்கமாக இருப்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். வளைத்தால் துவண்டால் பழசு. ரொம்பத் தடித்தது நார் ஓடியிருக்கும். அவித்துக் கொண்டுபோனால் இரண்டாம் நாளே பிசுபிசுத்துவிடும். தோலோடு பச்சையாக, ஈரம் படாமல் செய்தித்தாளில் சுற்றினால் ஒரு வாரம் தாங்கும். 2 கட்டு வாங்கினோம்.

சிறுகிழங்கு கிலோ 70. மண்ணோடு இருந்ததை உதறப் போனேன். கடைக்காரர் கையைப் பிடித்துவிட்டார். "மண்ணு இருக்கட்டும் அண்ணாச்சி. கழுவுனா ரெண்டு நாள்ல அழுகிரும். மண்ணுதான் அதுக்குப் போர்வை." சின்னதாக இருப்பதைத் தானே ஒதுக்கிவிட்டு, நெல்லிக்காய் அளவுக்கு மேலானதாக 3 கிலோ பொறுக்கிக் கொடுத்தார். நமக்காக இவ்வளவு நேரம் செலவழித்தும் விலையில் ஒரு ரூபாய் கூட்டவில்லை.

அரிசி அம்பை 16 பச்சரிசி, 5 கிலோ. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குட்டை, தடிப்பு ரகம் இது. பொங்கலுக்குக் குழைய இதை மிஞ்சிய அரிசி எங்கள் பக்கம் இல்லை. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்ற பின்பருவ நெல்லின் அறுவடை மாசி, பங்குனியில்தான் வரும். தைக்குக் கிடைப்பது அதற்கு முந்திய கார் பருவ நெல்லின் அரிசி. அறுத்து மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு பங்கு அரிசிக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர் போதும்.

சாயங்காலம் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி என்று எல்லாக் கடையிலும்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். உடைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். உடைத்த முகம் கருஞ்சிவப்பாக, மங்கலாக இருந்தால் நல்லது. பளபளவென்று மணி மணியாக மின்னினால் சீனி கலந்தது. நாங்கள் வாங்கியது கிலோ 380, 3 கிலோ. விலை குறைவாகச் சொன்ன கடையில் மின்னியது.

ஜனவரி 9, வியாழன். முந்திரிக்கொத்தும் மூட்டையும்

தூரத்துக்குக் கொண்டுபோக முந்திரிக்கொத்துக்கு இணையான பலகாரம் எங்கள் பக்கம் இல்லை. நசுங்காது, எண்ணெய் கசியாது, 15 நாள் இருக்கும். பக்குவம் மட்டும் தப்பக் கூடாது.

சிறுபயறு 1 கிலோவை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்துவிட்டு ரவைப் பதத்தில் திரிக்க வேண்டும். தேங்காய் 2 துருவி, ஈரம் போய் பொன்னிறமாகி சட்டியில் சலசலக்கும் வரை வறுக்க வேண்டும். ஐந்தாம் நாளே சிக்கு வாடை அடித்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தேங்காய்தான். பாதி ஈரத்தில் இறக்கியிருப்பார்கள். வறுத்த எள் 100 கிராம், ஏலக்காய் 10, சுக்கு ஒரு துண்டு. வெல்லம் 750 கிராமை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கம்பிப் பதத்துக்குக் காய்ச்சிச் சூட்டோடு மாவில் ஊற்றிக் கிளறி, எலுமிச்சை அளவில் உருட்ட வேண்டும். பாகு இளசாக இருந்தால் உருண்டை எண்ணெயில் பிரிந்துவிடும், முற்றினால் உருட்டவே வராது. உருட்டியதை ஓர் இரவு அப்படியே விட்டால் இறுகும். அதனால் நேற்று ராத்திரியே உருட்டியாகிவிட்டது.

இன்று காலை பச்சரிசி மாவு 300 கிராம், மஞ்சள், உப்பு சேர்த்து இட்லி மாவை விடக் கொஞ்சம் இளக்கமாகக் கரைத்து, மும்மூன்றாக முக்கி, மிதமான சூட்டில் பொரித்தோம். மேல்மாவு நீர்த்துப் போனால் உள்ளிருக்கும் வெல்லம் வெளியே வந்து எண்ணெய் கறுத்துவிடும். பொரித்ததை 4, 5 மணி நேரம் நன்றாக ஆறவிட்டுத் தகர டின்னில் அடுக்கினோம்.

அல்வா எப்போதும் கடைசியாகத்தான் வாங்க வேண்டும். டவுனில் கோயில் பக்கத்துக் கடையில் சாயங்காலம் வரிசை நெல்லையப்பர் வாசல் வரை நின்றது. வாங்கியதும் சுடச்சுடப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால், வேர்த்த தண்ணீர் உள்ளேயே விழுந்து நாலாம் நாள் மேலே பூஞ்சை கட்டும். அரைக் கிலோ வீதம் 4 பொட்டலமாக வாங்கி, வீட்டில் வந்து வாயைத் திறந்து வைத்து, முழுக்க ஆறிய பிறகு எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினோம். ஓரத்தில் நிற்கும் நெய்யை வடிக்கக் கூடாது. அல்வா காய்ந்து போகாமல் காப்பது அந்த நெய்தான்.

இனி மூட்டை. மூன்றாம் வகுப்பு ஏசியில் ஆளுக்கு 40 கிலோ கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். ஆனால் இறங்கும் ஸ்டேஷனில் தூக்கப்போவது நாம்தான். மொத்தம் 55 கிலோவில் நிறுத்திக்கொண்டோம். பொங்கப் பானை மண்ணில் வாங்காமல் ஈயம் பூசிய பித்தளையில் வாங்கியதும் ரயிலை நினைத்துத்தான். பானை வெறும் பானையாகப் போனால் இடத்தைத் தின்னும். அதற்குள் கருப்பட்டி, வெல்லம், நெய்த் தூக்கு, சந்து விட்ட இடமெல்லாம் அரிசி. மேலே வேட்டியால் கட்டி, வாயைத் தாம்பாளத்தால் மூடினோம். வத்தல், அப்பளம், இட்லிப் பொடி எல்லாம் ஒரே அட்டைப் பெட்டி.

மஞ்சள்குலையின் கிழங்குப் பகுதியை ஈரச் சாக்கில் பொதிந்து, அதன் மேல் மட்டும் பாலிதீன் சுற்றி, இலைகளை வாழை இலைக்குள் மடக்கிக் கட்டினோம். கரும்பில் பொங்கலுக்கு நிற்க வேண்டியது தோகையோடு மேல்பகுதி. ஏழடிக் கரும்பை அடியில் வெட்டி ஐந்தடியாக்கி, வெட்டுவாயில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிவிட்டார் சித்தப்பா. வெட்டிய இடம் காற்றுப்பட்டால் மூன்றாம் நாள் சிவந்து புளித்துவிடும்.

ஜனவரி 10, வெள்ளி. திருக்குறள் எக்ஸ்பிரஸ்

இரவு நெல்லை ஜங்ஷனில் ஏறினோம். கரும்பு கீழ் பெர்த் அடியில் நீளவாக்கில் போய்விட்டது, தோகையை மட்டும் மடித்துச் சணலால் கட்ட வேண்டியிருந்தது. எதிர் பெர்த்தில் இருந்தவர் கோவில்பட்டிக்காரர், ராணுவத்தில் இருக்கிறார். பானையைப் பார்த்ததும், "தலைப்பொங்கலா?" என்று கேட்டுத் தன் டிரங்குப் பெட்டியை வெளியே இழுத்து இடம் கொடுத்தார். அவர் பெட்டியில் ஜான்சியில் இருக்கும் நண்பர்களுக்காக 5 கிலோ கடலைமிட்டாய்.

வழிச் சாப்பாட்டுக்கும் வரிசை உண்டு. இன்றிரவு தயிர்சாதம். பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டது, 8 மணி நேரம் புளிக்காது. நாளைக் காலைக்கும் மத்தியானத்துக்கும் இட்லி. ஆறிய இட்லியின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி தடவி, தணலில் வாட்டிய வாழை இலையில் கட்டியது. இலையை வாட்டாமல் மடித்தால் கிழியும். தேங்காய்ச் சட்னி வழிக்கு ஆகவே ஆகாது. அதன் பிறகு எல்லா வேளைக்கும் புளியோதரை. உதிர்ந்த சோற்றில் புளிக்காய்ச்சலும் எண்ணெயும் தூக்கலாக இருந்தால் இரண்டு நாள் கெடாது.

ஜனவரி 11, சனி. எழும்பூர், விஜயவாடா

காலை எழும்பூர். காப்பி 20 ரூபாய், சூடு மட்டும் இருந்தது.

முதல் சேதம் முருங்கைக்கீரை. தங்கச்சிக்குப் பிடிக்கும் என்று கிளம்பும் நேரத்தில் பக்கத்து வீட்டு அத்தை ஒடித்துக் கொடுத்த கொத்து. ஏசிக் காற்றில் காம்பு காய்ந்து, காலையில் பையைத் திறந்தால் இலையெல்லாம் அடியில் உதிர்ந்து கிடந்தது. உருவி, தண்டை எறிந்து, இலையை மட்டும் துணியில் பரப்பிவிட்டோம். நிழலில் காய்ந்தால் பொடிக்கு ஆகும். இப்படி ஒரு வழி இருக்கும் பொருளை நம்பிக் கொண்டுபோகலாம். அகத்தியோ அரைக்கீரையோ என்றால் குப்பைதான்.

விஜயவாடாவில் ஒரு குடும்பம் ஏறியது. செய்தித்தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பனங்கிழங்கு நுனியைப் பார்த்ததும் அந்தப் பாட்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தேகலு!" என்றார். அவர்கள் ஊரில் தணலில் சுட்டுத் தின்பார்களாம். நாங்கள் அவிப்பதைச் சைகையிலும் பாதித் தெலுங்கிலும் அம்மா விளக்க, பாட்டி தன் டப்பாவிலிருந்து புளிஹோரா எடுத்து வைத்தார். எங்கள் புளியோதரையில் இருக்கும் வெந்தய வாசம் அதில் இல்லை, பச்சை மிளகாயின் காரம் நின்றது. 4 கிழங்கு அவருக்குக் கொடுத்தோம். கட்டு குறைந்தால் குறையட்டும் என்று அம்மாவே எடுத்துக் கொடுத்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

ஜனவரி 12, ஞாயிறு. போபால், பிறகு பனி

விடிந்ததும் ஜன்னல் கண்ணாடி சில்லிட்டிருந்தது. போபால் பிளாட்பாரத்தில் தாளித்த அவல், மேலே சேவும் பச்சை வெங்காயமும் தூவி, ஓரத்தில் ஜிலேபி. தட்டு 40 ரூபாய். இனிப்பும் காரமும் மாற்றி மாற்றிச் சாப்பிடுவது அங்கே வழக்கம். குளிருக்கு நன்றாகவே இருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்ததில் தேங்காய் எண்ணெய் உறைந்து கல்லாக இருந்தது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அப்படித்தான். பாட்டிலில் முட்ட ஊற்றாமல் இரண்டு விரல் இடம் விட்டு, வாயில் பாலிதீன் வைத்துத் திருகியிருந்ததால் கசிவில்லை.

குவாலியர் தாண்டியதும் வண்டி ஊர ஆரம்பித்தது. ராத்திரிப் பனியால் முன்னால் போக வேண்டிய வண்டிகளெல்லாம் தேங்கி நின்றன. சாயங்காலம் சேர வேண்டிய தில்லி நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு ராத்திரி 11.30. புளியோதரை கடைசி வேளைக்கும் கை கொடுத்தது. ஜனவரியில் வடக்கே போகிறவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூடுதலாகவே கட்ட வேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே 8 டிகிரி. முனிர்க்காவுக்கு 700 கேட்டார் ஒரு டாக்சிக்காரர். மாப்பிள்ளை ஸ்வெட்டரோடு வந்து நின்று, 450க்குப் பேசி ஏற்றினார். டிரைவர் கரும்பை முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரை சாய்த்து வைத்து, தோகை மடங்காமல் தானே பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 13, திங்கள். முனிர்க்கா, போகி

பிரிக்கும்போதும் வரிசை முக்கியம். முதலில் மஞ்சள்குலை. இலை நுனி மட்டும் வாடியிருந்தது, பக்கெட் தண்ணீரில் கிழங்கை நிறுத்தியதும் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிட்டது. அடுத்து கரும்பு, வெளியே பால்கனியில். பனங்கிழங்கும் சிறுகிழங்கும் ஃபிரிட்ஜுக்குள் போகக் கூடாது. இந்த ஊர் அறையே இப்போது 14 டிகிரிதான்.

வாழைப்பழம் மட்டும் குளிரிடம் தோற்றது. 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழையின் தோல் கறுத்துவிடும், காயாக இருந்தால் பழுக்கவும் பழுக்காது. ராத்திரி ஜன்னலோரம் இருந்த மட்டிப்பழச் சீப்பு காலையில் சாம்பல் நிறம். உள்ளே கெடவில்லை, ஆனால் சாமிக்கு வைக்க ஆகாது. வாழைப்பழம் இங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மத்தியானம் ஐ.என்.ஏ. மார்க்கெட். நாங்கள் சுமந்ததில் எது வீண், எது இல்லை என்று பார்க்க நல்ல இடம். சேனை, வாழைக்காய், மொச்சை, பூசணி எல்லாம் இருந்தன. சிறுகிழங்கு கேரளக் கடையில் கூர்க்கா என்ற பெயரில் கிலோ 160. கழுவிப் பளிச்சென்று வைத்திருந்தார்கள், பாதிக்கு மேல் முனை அழுகல். கருப்புக் கரும்பு ஒரு ஜோடி 250 சொன்னார்கள், தோகை இல்லை. பனங்கிழங்கு எங்கேயும் இல்லை. தலைவாழை இலை ஒன்று 15 ரூபாய், நல்ல இலை. இலையை ஊரிலிருந்து கொண்டுபோகத் தேவையே இல்லை.

சிறுகிழங்கைத் தோலெடுக்கச் சாக்கு கிடைக்கவில்லை. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய ஜீன்ஸ் காலில் போட்டு வாயைக் கட்டித் தரையில் அடித்து உருட்டினாள் தங்கச்சி. முக்கால்வாசித் தோல் வந்துவிட்டது. மிச்சத்தைக் கத்தியால் சுரண்டினோம். கையில் நல்லெண்ணெய் தடவாவிட்டால் கறை நாலு நாள் போகாது.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

சூரியன் 7.15க்கு உதிக்க வேண்டும். 9 மணி வரை வெள்ளைத் திரைதான். வீட்டுக்கார அம்மா மொட்டை மாடியைத் திறந்துவிட்டார். விறகு வைக்க வழியில்லை, ஒற்றை கேஸ் அடுப்பு. காற்றில் தீ அலைந்ததால் மூன்று பக்கமும் அட்டை மறைப்பு. கரும்பை இரண்டு பக்கமும் கம்பியில் கட்டி, பானைக் கழுத்தில் மஞ்சள்குலை.

அரிசி 500 கிராம், பாசிப்பருப்பு 100. இரண்டாவதாகக் களைந்த தண்ணீரும் பால் அரை லிட்டருமாகப் பானையின் கழுத்து வரை நிரப்ப வேண்டும். முக்கால் பானை ஊற்றினால் நுரை எழும்பி உள்ளேயே அடங்கிவிடும், பொங்கி வழியாது. இந்தக் குளிரில் பானை சூடேறவே 25 நிமிடம் ஆனது. பொங்கியதும் கொஞ்சம் தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டு அரிசி போட்டோம். வெல்லம் 650 கிராம் கரைத்து வடிகட்டியதை, அரிசி விரலில் மசிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றினால் அதற்கு மேல் அரிசி வேகாது, நடுவில் கடுக்கென்று நிற்கும். மொண்டு வைத்த தண்ணீர் அடிபிடிக்கப் பார்க்கும்போது உதவியது. "பொங்கலோ பொங்கல்" சத்தம் கேட்டுப் பக்கத்து மாடிகளிலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு மாடி தள்ளி ஒரு குக்கருக்கு முன்னாலும் ஒரு கரும்பு நின்றது. மதுரைக்காரர்களாம். அவர்களுக்குப் பனங்கிழங்கு 5 போயிற்று.

வீட்டுக்கார அம்மா எள்ளுருண்டையும் கஜக் என்ற எள் மிட்டாயும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அவர்களுக்கும் இன்று சங்கராந்தி. தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாதென்று அம்மா முந்திரிக்கொத்து அடுக்கிக் கொடுக்க, அவர் ஒன்றைக் கடித்துவிட்டு, உள்ளே என்ன பருப்பு என்று தங்கச்சியிடம் விசாரித்து எழுதியே வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 15, புதன். மிச்சத்தை வைக்கும் விதம்

நாளை நாங்கள் கிளம்புகிறோம். மிச்சம் இருப்பது 2 பேர் குடும்பத்துக்கு அதிகம்தான், ஆனால் வைக்கிற விதத்தில் வைத்தால் ஒன்றும் வீணாகாது.

பனங்கிழங்கில் 20 மிச்சம். மஞ்சள், உப்பு, நசுக்கிய பூண்டு, மிளகு போட்டு குக்கரில் 5 விசில் விட்டு அவித்து, நடு நரம்பை உருவிவிட்டு வட்டமாக நறுக்கிப் பரப்பியாயிற்று. இந்த வெயிலுக்கு காய 5 நாள் ஆகும், ராத்திரி உள்ளே எடுத்துவிட வேண்டும். பனிபட்டால் பூத்துவிடும். காய்ந்ததை மிக்ஸியில் திரித்தால் கஞ்சிக்கும் புட்டுக்கும் ஆகும். சிறுகிழங்கு ஒரு கிலோவை அட்டைப் பெட்டியில் காய்ந்த மணல் போட்டுப் புதைத்தோம்.

அல்வாவில் நெய் வெள்ளையாக உறைந்து பார்க்கச் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கிறது. கெட்டுவிட்டதென்று எறிந்துவிடக் கூடாது. சாப்பிடுகிற அளவைக் கிண்ணத்தில் எடுத்து வெந்நீரில் 10 நிமிடம் உட்கார வைத்தால் பழைய பதம் வந்துவிடும். நேராக அடுப்பில் வைத்தால் ஓரம் முறுகி ரப்பராகும். இட்லி மாவு இங்கே ஊரில் போல 8 மணி நேரத்தில் பொங்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆட்டி, கம்பளி சுற்றி 18 மணி நேரம் விட்டதில் காலையில் நன்றாக எழும்பியிருந்தது.

கருப்பட்டிக்கு இந்தக் குளிரில் அவ்வளவு பயமில்லை. ஜூலையில் மழைக்காற்று வந்ததும் கசிந்து ஒழுக ஆரம்பிக்கும். அதற்குள் ஒவ்வொரு வட்டையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டின்னில் அடியில் ஒரு பிடி அரிசி போட்டு அடுக்கிவிட வேண்டும். 2 கிலோவுக்கு மேல் இருக்கிறது. காப்பிக்குப் போட்டே மே மாதத்துக்குள் முடித்துவிடுவேன் என்கிறாள் தங்கச்சி. பாலைக் காய்ச்சி இறக்கி, கொஞ்சம் ஆறிய பிறகே கருப்பட்டித் தண்ணீரை ஊற்றச் சொல்லியிருக்கிறோம். கொதிக்கிற பாலில் ஊற்றினால் திரிந்துவிடும்.